மலைமேல் சான் ஸ்விட்ச் மாட்யூல்: மாட்டுவதும் அமைப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் பள்ளி, தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் என்று பல இடங்களில் இன்று பிளேடு சர்வர் பெட்டி (பிளேடு எனப்படும் மெல்லிய சர்வர்கள் பலவற்றை வரிசையாகச் செருகிய பெட்டி) ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே கோவையிலோ சென்னையிலோ இருக்கும் தலைமை அலுவலகம் புதிது வாங்கும்போது பழையதை மேலே ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பெட்டியோடு சான் ஸ்விட்ச் மாட்யூலும் வந்துவிடும், அதைச் சொல்லித்தர ஆள் மட்டும் வராது. பல வருடங்களாக இந்த மலையில் சர்வர் அறைகளைப் பார்த்துக்கொள்கிறேன். போனில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கட்டளைகள் பிரோகேட் என்ற கம்பெனியின் வகை மாட்யூலுக்கானவை. சிஸ்கோ வகையில் கட்டளை வேறு, நடைமுறை கிட்டத்தட்ட இதேதான்.

சான் ஸ்விட்ச் மாட்யூல் என்பது என்ன? சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச் போதாதா?

சர்வர் ஒரு பக்கம், டிஸ்க் எல்லாம் அடுக்கிய ஸ்டோரேஜ் பெட்டி இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் டிஸ்க் போக்குவரத்துக்கென்றே போட்ட தனிப் பாதைதான் சான். அதில் ஓடும் மொழி ஃபைபர் சேனல். 1994ல் தரமாக அறிவிக்கப்பட்டு இன்றும் ஓடுகிறது. அலுவலக நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் தொலைந்தால் திரும்ப அனுப்பிக்கொள்ளலாம். ஃபைபர் சேனலில் எதிர்முனை 'இடம் இருக்கிறது' என்று முன்கூட்டியே சொன்னால்தான் அனுப்பும் முனை அனுப்பும், அதனால் நெரிசலில் தரவு கீழே விழாது. டிஸ்க் வேலைக்கு அந்த ஒழுங்கு வேண்டும்.

மாட்யூல் என்பது இந்த ஸ்விட்சையே பிளேடு பெட்டியின் முதுகில் செருகும் அளவுக்குச் சுருக்கியது. உள்ளே ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு போர்ட், கேபிள் இல்லாமலே இணைந்திருக்கும். வெளியே தெரியும் சில போர்ட்டுகள் ஸ்டோரேஜுக்கும் மற்ற ஸ்விட்சுக்கும்.

பெட்டியின் பின்னால் எந்த ஸ்லாட்டிலும் செருகலாமா?

கூடாது. பிளேடுக்குள் இருக்கும் ஃபைபர் கார்டு எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறதோ, அதற்கு நேராகத் தடம் ஓடும் ஸ்லாட்டில்தான் மாட்யூல் இருக்க வேண்டும். டெல் எம்1000இ பெட்டியில் ஏ, பி, சி என்று மூன்று குழு, ஒவ்வொன்றிலும் 1, 2 என்று இரண்டு ஸ்லாட். கார்டு பி இடத்தில் இருந்தால் மாட்யூல்கள் பி1, பி2வில். ஐபிஎம் பிளேடுசென்டரில் ஃபைபர் மாட்யூலுக்கு வழக்கமாக 3ஆம், 4ஆம் ஸ்லாட். ஒரு பிளேடில் மட்டும் கார்டு வேறு இடத்தில் இருந்தால் அந்த ஒன்று மட்டும் டிஸ்க் தெரியாமல் நிற்கும். ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று அலைவதற்கு முன் அந்த பிளேடை இழுத்துக் கார்டு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

செருகும்போது நெம்புகோலை முழுக்கத் திறந்து, மாட்யூலை நேராக உள்ளே தள்ளி, பிறகு நெம்புகோலை மூடுங்கள். கடைசி அரை அங்குலம் நெம்புகோலின் வேலை, உங்கள் கட்டைவிரலின் வேலை அல்ல. பின் வளைந்தால் போவது பெட்டியின் நடுப்பலகை.

ஒரு மாட்யூல் போதாதா? இரண்டு எதற்கு?

இந்தப் பக்கத்தில் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர பர்லியார் வழி குன்னூர் ரோடு ஒன்று, கோத்தகிரி ரோடு ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் பஸ்ஸும் பால் வண்டியும் கோத்தகிரி வழியாகத் திரும்பிவிடும். நேரம் கூடும், ஆனால் மலை பட்டினி கிடக்காது. சானும் அப்படித்தான் அமைய வேண்டும். முதல் மாட்யூல் ஒரு ஃபேப்ரிக் (ஸ்விட்சுகளால் ஆன ஒரு தனி சான் வலை), இரண்டாவது மாட்யூல் தனியாக இன்னொரு ஃபேப்ரிக். பிளேடின் ஃபைபர் கார்டில் இருக்கும் இரண்டு போர்ட்டில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. ஸ்டோரேஜில் இருக்கும் இரண்டு கண்ட்ரோலரும் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு கேபிள் தர வேண்டும், ஆக மொத்தம் நான்கு கேபிள். சர்வரில் மல்டிபாத் மென்பொருள் போட்டுவிட்டால் ஒரு வழி அடைத்ததும் அதுவே மறுவழிக்கு மாறிக்கொள்ளும்.

பலர் செய்யும் தவறு, இரண்டு மாட்யூலையும் ஒரு கேபிளால் இணைத்துவிடுவது. 'இன்னும் பாதுகாப்பு' என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். இணைத்த நிமிடமே இரண்டு ஃபேப்ரிக்கும் ஒன்றாகிவிடும். ஒரு பக்கம் ஸோன் அமைப்பில் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) கை தவறினால் அது மறுபக்கத்துக்கும் பரவும். இரண்டு ரோட்டையும் ஒரே பாலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்தது கேபிள் போகும் வழி. நான் பார்த்துவந்த ஒரு ஆஸ்பத்திரியில் மாட்யூல் இரண்டு, கண்ட்ரோலர் இரண்டு, எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் நான்கு கேபிளும் தரைக்கு அடியில் ஒரே குழாயில். மழைக்காலத்தில் கதகதப்பைத் தேடி உள்ளே புகுந்த எலி ஒரே இரவில் நான்கையும் கடித்துவிட்டது. காலையில் எக்ஸ்ரே படம் எதுவும் திறக்கவில்லை. அந்தக் குழாயைப் போட்டது நான்தான். அன்றிலிருந்து ஒரு ஃபேப்ரிக் தரை வழி என்றால் மற்றது மேலே தட்டு வழி என்று பிரித்துத்தான் போடுகிறேன். மின்சாரமும் அப்படியே: பெட்டியின் பவர் சப்ளைகளில் பாதி ஒரு யூபிஎஸ்ஸில், பாதி மற்றதில்.

மேலே குளிர்தானே, ஏசி தேவையில்லை அல்லவா?

வெளியே குளிர்தான். அதை நம்பி ஜன்னலைத் திறந்துவைக்காதீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் வெப்பம் அந்த அளவுக்குக் குறையும். ஏறக்குறைய 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 1 டிகிரி கழித்துக்கொள்வது சர்வர் அறைகளுக்கான பொதுக் கணக்கு. உங்கள் பெட்டிக்கு 35 டிகிரி வரை என்று போட்டிருந்தால் ஊட்டியில் அதை 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி ஸ்லாட்டுகளுக்கு மூடி போட்டே ஆக வேண்டும். மூடி இல்லையென்றால் காற்று அந்த ஓட்டை வழியாகக் குறுக்கே ஓடிவிடும், மாட்யூலுக்கு வராது.

வெப்பத்தைவிடப் பெரிய எதிரி இங்கே ஈரம். மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள் நடந்து வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது மாட்யூலுக்குள்ளும் போகும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் ஒரு டீஹியுமிடிஃபயர் ஓடட்டும். தை, மாசியில் பகல் காற்று காய்ந்துபோகும். அப்போது கதை மாறும்: ஸ்வெட்டரைக் கழற்றினால் சடசட என்று பொறி பறக்கிறதே, அதே ஸ்டேட்டிக் கரண்ட் மாட்யூலைக் கொல்லும். கையில் எர்த் பட்டை கட்டாமல் தொடாதீர்கள்.

புது மாட்யூல் வந்ததும் உடனே பிரித்து மாட்டிவிடலாமா?

வேண்டாம், பொறுங்கள். ஒரு மார்கழி இரவு பார்சல் வேனிலேயே கிடந்தது. வெளியே புல்லெல்லாம் உறைபனி. காலையில் அட்டைப்பெட்டியை அறைக்குள் கொண்டுவந்து கையோடு பிரித்தேன். இரண்டு நிமிடத்தில் மாட்யூலின் தகரத்தின் மேல் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி வெண்மை படர்ந்தது. பிறகு அது சின்னச் சின்ன முத்தாகி, ஒரு முத்து போர்ட்டின் வாய் ஓரமாக வழிந்து உள்ளே போனது. வெளியே இவ்வளவு என்றால் உள்ளே பலகையின் மேலும் அதேதான். கரண்ட் கொடுக்கவில்லை என்பதால் பிழைத்தது. உறையைப் பிரிக்காமலே அறைக்குள் வைத்து, பொருள் அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்க வேண்டும். நான் ஒரு பகலும் ஒரு இரவும் விடுகிறேன்.

என்ன கேபிள், என்ன எஸ்எஃப்பி (கேபிளை மாட்ட போர்ட்டில் செருகும், ஒளியை அனுப்பி வாங்கும் சிறு துண்டு) வாங்க வேண்டும்?

ஒரே அறைக்குள் என்றால் மல்டிமோட் கேபிள், இரண்டு முனையிலும் எல்சி கனெக்டர், அலை நீளம் 850 நானோமீட்டர் உள்ள ஷார்ட்வேவ் எஸ்எஃப்பி. கேபிளின் நிறமே பாதி சொல்லிவிடும். ஆரஞ்சு பழைய வகை. கடல்நீலம் பெரும்பாலும் ஓஎம்3 அல்லது ஓஎம்4. மஞ்சள் சிங்கிள்மோட். வேகம் 8 ஜிகாபிட் என்றால் ஓஎம்3ல் 150 மீட்டர் வரை போகலாம், 16 ஜிகாபிட் என்றால் 100 மீட்டர். பழைய ஆரஞ்சு ஓஎம்2வில் 8 ஜிகாபிட்டுக்கு 50 மீட்டர்தான். ஒரு அறைக்குள் எதுவும் போதும், ஆனால் ஆரஞ்சையும் கடல்நீலத்தையும் ஒன்றோடொன்று சேர்த்து நீட்டாதீர்கள்.

எஸ்எஃப்பி தன் வேகத்துக்குக் கீழே இரண்டு படி வரைதான் இறங்கும். 8 ஜிகாபிட் எஸ்எஃப்பி 4க்கும் 2க்கும் இறங்கும். 16 ஜிகாபிட் எஸ்எஃப்பி 8க்கும் 4க்கும் இறங்கும், 2க்கு இறங்காது. உங்கள் ஸ்டோரேஜ் பழைய 2 ஜிகாபிட் என்றால் புது 16 ஜிகாபிட் எஸ்எஃப்பி விளக்கே எரியாது. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு, கோவைக்குத் திருப்பி அனுப்பி, அடுத்தது வருவதற்கு ஒரு வாரம் காத்திருந்தவர்கள் உண்டு. இன்னொன்று: பிரோகேட் மாட்யூல்களில் 8 ஜிகாபிட் தலைமுறையிலிருந்து அந்தக் கம்பெனி முத்திரை உள்ள எஸ்எஃப்பியைத்தான் ஏற்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈதர்நெட் எஸ்எஃப்பி ஆகாது.

கேபிள் முனையைத் துடைக்க வேண்டுமா? புதுக் கேபிள்தானே?

புதுக் கேபிளையும் துடைக்க வேண்டும். மல்டிமோட் கேபிளில் ஒளி ஓடும் மையத்தின் குறுக்களவு 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. விரல் பட்ட எண்ணெய், உறையின் தூசி, நம் ஊர் ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சை எல்லாம் அந்த வாயை அடைக்கப் போதும். முனையை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும் கிளீனர் பேனா ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சட்டை நுனியில் துடைப்பது, ஊதுவது இரண்டும் வேண்டாம். ஊதினால் மூச்சின் ஈரம் போய் உட்காரும். எஸ்எஃப்பியின் ரப்பர் மூடியைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், காலியாக இருக்கும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் அது வேண்டும். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

மாட்யூலுக்குள் முதல் முறை எப்படி நுழைவது?

தனி ஸ்விட்ச் என்றால் கன்சோல் கேபிள், 9600 வேகம், தொழிற்சாலையிலிருந்து வரும் முகவரி பெரும்பாலும் 10.77.77.77. மாட்யூலுக்கு வழி வேறு: பெட்டியின் மேனேஜ்மென்ட் மாட்யூல் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்துதான் ஐபி முகவரி கொடுக்க வேண்டும். ஸ்விட்சுக்குள் போய் நீங்களாக முகவரி மாற்றினால், பெட்டி மறுபடி தன் முகவரியையே திணித்துவிடுவதும் உண்டு.

பலரை இரவெல்லாம் உட்காரவைத்த ஒரு விஷயம்: வெளி போர்ட்டுகளைத் திறக்க ஐபிஎம் பெட்டியின் மேனேஜ்மென்ட் பக்கத்தில் தனியாக ஒரு அனுமதி இருக்கிறது. அது மூடியிருந்தால் ஸ்விட்சில் என்ன கட்டளை கொடுத்தாலும் வெளியே விளக்கு எரியாது.

உள்ளே போனதும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. 'அட்மின்', 'பாஸ்வேர்ட்' என்பது ஊருக்கே தெரிந்த ஜோடி. அடுத்து 'ஸ்விட்ச்நேம்' கட்டளையில் பெயர், 'டிஎஸ்கிளாக்சர்வர்' கட்டளையில் நேரம். நேரம் தவறாக இருந்தால் பின்னால் பழுது தேடும்போது சர்வர் பதிவும் ஸ்விட்ச் பதிவும் ஒத்துப்போகாது.

டொமைன் ஐடி என்ன கொடுப்பது?

ஃபேப்ரிக்குக்குள் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் உரிய அடையாள எண் அது. 1 முதல் 239 வரை எது வேண்டுமானாலும். ஒரே ஃபேப்ரிக்கில் இரண்டு ஸ்விட்சுக்கு ஒரே எண் இருந்தால் அவை சேராமல் பிரிந்து நிற்கும். இரண்டு ஃபேப்ரிக் தனித்தனிதானே, இரண்டிலும் 1 இருக்கலாமே என்றால், இருக்கலாம். நான் கொடுப்பதில்லை. முதல் ஃபேப்ரிக்குக்கு 11, 12, இரண்டாவதற்கு 21, 22 என்று வைத்தால் பதிவில் எண்ணைப் பார்த்ததுமே எந்தப் பக்கம் என்று தெரியும். எண்ணை மாற்ற 'ஸ்விட்ச்டிசேபிள்' கொடுத்து ஸ்விட்சை நிறுத்த வேண்டியிருக்கும், அதனால் சர்வர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஸோனிங் என்பது என்ன? அது இல்லாமலும் டிஸ்க் தெரிகிறதே?

தெரியும், அதுதான் ஆபத்து. பழைய மாட்யூல்கள் பலவற்றில் ஸோன் எதுவும் இயங்காத நிலையில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம். ஸ்டோரேஜ் பக்கமும் பூட்டு போடாமல் இருந்தால், விண்டோஸ் சர்வர் ஒன்று பக்கத்து லினக்ஸ் சர்வரின் டிஸ்க்கைப் பார்த்து 'இது புதுசு, தயார் செய்யட்டுமா' என்று கேட்கும். அவசரத்தில் யாராவது சரி என்று அழுத்தினால் அந்த டிஸ்க்கின் கதை முடிந்தது.

ஸோன் என்றால் யார் யாரோடு பேசலாம் என்ற பட்டியல். ஒவ்வொரு ஃபைபர் போர்ட்டுக்கும் 16 இலக்கத்தில் ஒரு உலகப் பெயர் உண்டு, டபிள்யூடபிள்யூபிஎன் என்பார்கள். ஒரு ஸோனில் ஒரு சர்வர் போர்ட், அது பேச வேண்டிய ஸ்டோரேஜ் போர்ட்டுகள், அவ்வளவுதான். இரண்டு சர்வரை ஒரே ஸோனில் போடாதீர்கள். ஒரு சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது அதன் சலசலப்பு மற்றதைத் தொந்தரவு செய்யும்.

வரிசை இப்படி. முதலில் 'ஸ்விட்ச்ஷோ' கொடுத்து எந்த போர்ட்டில் எந்தப் பெயர் வந்திருக்கிறது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். 'அலிகிரியேட்' கட்டளையில் ஒவ்வொரு நீளப் பெயருக்கும் வாயில் நுழையும் ஒரு பெயர் வையுங்கள்: லேப் சர்வர், பில்லிங் சர்வர், ஸ்டோரேஜ் ஏ என்பது போல. 'ஸோன்கிரியேட்' கட்டளையில் ஸோன். முதல் முறை மட்டும் 'சிஎஃப்ஜிகிரியேட்', அதில் எல்லா ஸோனையும் கோர்த்து ஒரு தொகுப்பு. 'சிஎஃப்ஜிசேவ்' கொடுத்துச் சேமித்து, 'சிஎஃப்ஜிஎனேபிள்' கொடுத்து இயக்குங்கள்.

இரண்டாவது சர்வர் வரும்போதுதான் விபத்து நடக்கும். ஒருவர் புது ஸோனை உருவாக்கி, மறுபடி 'சிஎஃப்ஜிகிரியேட்' கொடுத்து அந்த ஒரு ஸோனை மட்டும் வைத்துப் புதுத் தொகுப்பு செய்து, அதை இயக்கிவிட்டார். ஒரு நேரத்தில் ஒரு தொகுப்புதான் இயங்கும். பழைய தொகுப்பு விலகியது, அதிலிருந்த எல்லா சர்வரும் அந்தப் பக்கத்தில் டிஸ்க்கை இழந்தன. புது ஸோன் சேர்க்க 'சிஎஃப்ஜிஆட்', அதை மறக்காதீர்கள். அந்த இடத்தில் ஃபேப்ரிக் இரண்டும் தனித்தனியாக இருந்ததால் மறுவழியில் எல்லாம் ஓடியது, யாருக்கும் தெரியவில்லை. இன்று ஒரு பக்கம் மாற்றினால் நாளைதான் மறுபக்கம் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

மேலே அனுப்பிய பழைய மாட்யூலை அப்படியே ஓடும் ஃபேப்ரிக்கில் சேர்க்கலாமா?

கூடாது. அதன் வயிற்றில் கீழே இருந்த இடத்தின் ஸோன் எல்லாம் இருக்கும். சேர்த்ததும் இரண்டும் கலக்கும், அல்லது முரண்பட்டுப் பிரியும். கேபிள் எதுவும் மாட்டாமல் தனியாக வைத்து 'சிஎஃப்ஜிடிசேபிள்', 'சிஎஃப்ஜிகிளியர்', 'சிஎஃப்ஜிசேவ்' கொடுத்துத் துடையுங்கள், டொமைன் ஐடி மாற்றுங்கள், பிறகு சேருங்கள். இந்த மூன்று கட்டளையையும் ஓடும் ஸ்விட்சில் தவறிப்போய் அடித்துவிடாமல், எந்த ஜன்னலில் தட்டுகிறோம் என்று ஒருமுறை பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வேறு கம்பெனியின் சான் ஸ்விட்ச் இருக்கிறது. அதோடு மாட்யூல் சேருமா?

ஸ்விட்சாகச் சேர்ப்பது தலைவலி. மாட்யூலை ஆக்சஸ் கேட்வே என்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள், சிஸ்கோவில் அதற்கு என்பிவி என்று பெயர். அப்போது மாட்யூல் தான் ஒரு ஸ்விட்ச் என்று சொல்லிக்கொள்ளாமல், பிளேடுகளின் அழைப்பை ஏற்கெனவே இருக்கும் மேல் ஸ்விட்சுக்குக் கடத்தும். டொமைன் ஐடி தேவையில்லை, ஸோன் எல்லாம் மேல் ஸ்விட்சில்தான். அங்கே என்பிஐவி (ஒரே போர்ட் வழியாகப் பல சர்வர்களைப் பதிவு செய்ய விடும் வசதி) இயங்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. இந்த மாற்றம் மாட்யூலில் உள்ள ஸோன் அமைப்பை அழித்துவிடும், முன்பே நகல் எடுங்கள்.

விளக்கு பச்சையாக எரிகிறது, டிஸ்க் மட்டும் தெரியவில்லை. ஏன்?

"அண்ணா, பச்சை எரியுது, ஆனா டிஸ்க் வரல" என்று கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். "எனேபிள் குடுத்தியா?" என்றேன். "சேவ் குடுத்தேன் அண்ணா." அங்கேயே விடை கிடைத்துவிட்டது. சேமித்தது இயங்காது, இயக்கியதுதான் இயங்கும்.

அது இல்லையென்றால் கீழிருந்து மேலே போங்கள். 'ஸ்விட்ச்ஷோ'வில் அந்த போர்ட் எஃப் போர்ட் என்று காட்ட வேண்டும். ஜி அல்லது யூ என்று நின்றால் எதிர்முனை இன்னும் உள்ளே வந்து பதிவு செய்யவில்லை, கேபிளையும் வேகத்தையும் பாருங்கள். வேகம் தானாகப் பொருந்தாவிட்டால் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை நிலையாக வையுங்கள். 8 ஜிகாபிட் பிரோகேட் மாட்யூலில் 'போர்ட்சிஎஃப்ஜிஃபில்வேர்ட்' என்ற அமைப்பு 3ல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இணைப்பு வந்து வந்து போகும். அடுத்து 'என்எஸ்ஷோ', அதில் சர்வர், ஸ்டோரேஜ் இரண்டின் பெயரும் வர வேண்டும். இரண்டும் இருந்து ஸோனும் சரி என்றால் ஸ்விட்சை விட்டுவிடுங்கள். ஸ்டோரேஜில் அந்த சர்வரின் பெயருக்கு டிஸ்க்கை ஒதுக்கியிருக்கிறதா என்று பார்க்கும் நேரம் அது. 16 இலக்கத்தைக் கையால் தட்டியிருந்தால் ஒரு இலக்கம் பிசகியிருக்கும். எப்போதும் நகலெடுத்து ஒட்டுங்கள்.

சில போர்ட்டுகள் மட்டும் இயங்கவே மாட்டேன் என்கின்றன.

லைசென்ஸ். பல மாட்யூல்கள் பாதி போர்ட்டுகளோடு விற்கப்பட்டு, மீதிக்குத் தனிப் பணம். 'லைசென்ஸ்ஷோ' பாருங்கள். பயன்படாத போர்ட்டிலிருந்து உரிமையை விடுவித்து வேண்டியதற்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு.

எப்போதாவது சர்வர் மெதுவாகிறது. கேபிள் பழுதா என்று எப்படித் தெரியும்?

'ஸ்டாட்ஸ்கிளியர்' கொடுத்து எண்ணிக்கையை அழித்துவிட்டு, ஒரு நாள் கழித்து 'போர்ட்எர்ஷோ' பாருங்கள். சிஆர்சி எண் (கெட்டுப்போய் வந்த தரவுத் துண்டுகளின் எண்ணிக்கை) ஏறியிருந்தால் அழுக்கு அல்லது வளைந்த கேபிள் அல்லது சாகப்போகும் எஸ்எஃப்பி. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் ஜி_இஓஎஃப் எண்ணும் சேர்ந்து ஏறினால் கோளாறு இந்தக் கேபிளிலேயே. அது ஏறாமல் சிஆர்சி மட்டும் என்றால் வேறெங்கோ கெட்டு இந்த வழியாக வருகிறது, இந்தக் கேபிளை மாற்றிப் பயனில்லை. 'எஸ்எஃப்பிஷோ' வந்துசேரும் ஒளியின் அளவைச் சொல்லும். நன்றாக இருந்த நாளில் எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிட்டு, 3 டெசிபல் குறைந்திருந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். முதலில் துடையுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் துடைத்ததிலேயே சரியாகிவிடுகிறது.

மேல் கட்டிடத்துக்கும் கீழ் கட்டிடத்துக்கும் நடுவே இழுக்கலாமா?

தாராளமாக. சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய நம் வளாகங்களுக்கு இது நல்ல வழி. மஞ்சள் சிங்கிள்மோட் கேபிள், 1310 நானோமீட்டர் லாங்வேவ் எஸ்எஃப்பி, 10 கிலோமீட்டர் வரை தாங்கும். பாறை நிலத்தில் எர்த் சரியாகப் பிடிப்பதில்லை. சித்திரை இடியில் கட்டிடங்களுக்கு நடுவே ஓடும் செம்புக் கம்பி எத்தனை ஸ்விட்சைத் தின்றிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது. உள்ளே இரும்புக் கவசம் உள்ள கேபிள் என்றால் அந்தக் கவசத்தை மட்டும் எர்த் செய்ய வேண்டும். சுவரோடு விடாதீர்கள், குரங்கு தொங்கும். தடித்த குழாயில், மண்ணுக்கு அடியில், காட்டெருமை மிதிக்கும் ஆழத்துக்குக் கீழே.

ஃபர்ம்வேர் (மாட்யூலுக்குள் ஓடும் மென்பொருள்) எப்போது மாற்றுவது?

காரணம் இருந்தால் மட்டும். ஒரேயடியாகத் தாவாமல், நடுப் பதிப்புகள் வழியாகப் படிப்படியாக ஏற வேண்டும். முதல் மாட்யூலை முடித்து, குறைந்தது ஒரு நாள் ஓடவிட்டு, பிறகு மற்றது.

கரண்ட் போய் வந்தால் எதை முதலில் போடுவது?

ஆடிக் காற்றில் சீகை மரம் கம்பிமேல் விழுந்தால் இரண்டு நாள்கூட ஆகும், யூபிஎஸ் தாங்காது. வந்ததும் முதலில் ஸ்விட்ச், அது முழுக்க எழுந்த பிறகு ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ் தயார் என்று காட்டிய பிறகு சர்வர்கள். பிளேடு பெட்டியில் மாட்யூலும் சர்வரும் ஒன்றாகவே எழும். அதனால் பிளேடுகள் தானாக எழும் அமைப்பை நிறுத்திவைத்து, கையால் எழுப்புங்கள்.

எல்லாம் முடிந்தது. சரியாக வேலை செய்யும் என்று எப்படி நம்புவது?

கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு பெரிய கோப்பை சர்வரில் நகலெடுக்கவிட்டு, முதல் மாட்யூலின் ஸ்டோரேஜ் கேபிள் இரண்டையும் உருவுங்கள். நகல் சில நொடி நின்று மறுபடி ஓட வேண்டும். லினக்ஸில் மல்டிபாத் பட்டியலில் பாதி வழிகள் செத்ததாகக் காட்டும், மாட்டியதும் உயிர் பெறும். அடுத்து மாட்யூலையே மேனேஜ்மென்ட் பக்கத்திலிருந்து அணையுங்கள். அது எழுந்து எல்லா வழியும் திரும்பிய பிறகு மறுபக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். நோயாளியோ பிள்ளைகளின் பரீட்சையோ காத்திருக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதற்கு ஏற்றது. இதைச் செய்யாத இடத்தில் இரண்டு வழி இருக்கிறது என்று நான் எழுதிக்கொடுப்பதில்லை.

மழைக்கு முன்னால் என்ன எடுத்துவைக்க வேண்டும்?

2009 நவம்பர் மழையில் மலை பல இடங்களில் சரிந்து, ரோடும் ரயில் தடமும் துண்டாகின. அப்படி ஒரு வாரத்தில் கோவையிலிருந்து எஸ்எஃப்பி வராது. புரட்டாசி முடிவதற்குள் இரண்டு எஸ்எஃப்பி, நான்கு கேபிள், ஒரு கிளீனர் பேனா, முடிந்தால் ஒரு பழைய மாட்யூல் கையிருப்பில் இருக்கட்டும். 'கான்ஃபிக்அப்லோட்' கொடுத்து இரண்டு மாட்யூலின் அமைப்பையும் ஒரு பென் டிரைவில் எடுங்கள், சானுக்குள் இருக்கும் டிஸ்க்கில் அல்ல. ஸோன் பட்டியலையும் போர்ட் எண்களையும் காகிதத்தில் அச்சிட்டு பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டினால் ஈரத்தில் மை கலையாது. எஸ்எஃப்பிகளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறியதும் புதிது போடுங்கள். ஊட்டியில் அது நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் மாறும்.